மூன்று கோடை காத்த தண்ணீர்

அத்தியாயம் 17

போன வாரம் லாரன்ஸ் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனதற்கு, வாசகிகள் பலர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். என்னைத் திட்டி என்ன ஆகப் போகிறது? எழுந்து போனது அவன். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் போனான் என்பதை மட்டும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. மரக்காணத்து உப்பளத்தில் அந்தோணிசாமி தொடங்கிய உப்புக் கம்பெனியை அவர் காலத்துக்குப் பிறகு மகன் லாரன்ஸ் நடத்துகிறான். வேதியியல் படித்த மகள் மெர்லின் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். பங்குச் சந்தையில் பெயர் உள்ள சின்னக் கம்பெனி. சித்தப்பா ஏசுராஜ் ஒரு கல்யாண வீட்டுச் சண்டையில் கோபித்துக்கொண்டு தன் பங்கை எல்லாம் சந்தையில் விற்றுவிட்டார். அதை அள்ளிக்கொண்டது மும்பையில் இருக்கும் ஒரு ஃபண்டு. அன்றைக்குப் போன நிம்மதி இந்த வீட்டுக்கு இன்னும் திரும்பவில்லை.

அந்த ஃபண்டுக்காரர்களை நான் வில்லனாக்கப் போவதில்லை. ஊரார் பணத்தை வாங்கிப் பெருக்கித் தருவது அவர்கள் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை லாபம் ஏறியதா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஏறினால் இருப்பார்கள், இறங்கினால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். உப்பளத்துக்காரர்களுக்கோ காலம் என்றால் கோடைதான். மழைக்காலத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சண்டை ஒரு குளத்தைப் பற்றியது. பாத்தியில் உப்பு வாரிய பிறகு அடியில் கொஞ்சம் கசப்புத் தண்ணீர் மிஞ்சும். எல்லா அளத்திலும் அதை வெளியே திறந்துவிடுவார்கள். மெர்லின் திறந்துவிடவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த குளம் ஒன்றில் அதைச் சேர்த்து, வெயிலில் காயவிட்டு, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, மூன்று கோடையாகக் காத்து வருகிறாள். அதிலிருந்து தீப்பிடிக்காத பலகை செய்கிறாள். அடுப்பில் பிடித்தாலும் அது எரியாது.

ஒரே ஒரு குறை. ஐப்பசி ஈரத்தில் பலகை மனுசன்போல வியர்த்துவிடும். தண்ணீர் முற்ற முற்ற அந்த வியர்வை குறைகிறது என்று கண்டுபிடித்ததுதான் மெர்லினின் சாமர்த்தியம். ரயில் பெட்டி செய்யும் ஆலை ஒன்று சோதித்துப் பார்க்கப் பலகை வாங்கிப் போயிருக்கிறது. இந்தத் தண்ணீர் போனால் அவள் மறுபடி முதல் கோடையிலிருந்து தொடங்க வேண்டும்.

காரியத்தைக் கெடுத்ததும் அவள் வாய்தான். போன முறை முதலீட்டாளர்கள் போனில் கூடியபோது, இந்தப் பலகையில் லாபம் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் 'கூடிய விரைவில்' என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவள், "இன்னும் ரெண்டு கோடை ஆகும் சார்" என்றாள். அன்று மத்தியானத்துக்குள் பங்கு விலை சரிந்துவிட்டது. ஆராய்ச்சிப் பிரிவை மூடாவிட்டால் லாரன்ஸை மறுபடி மேனேஜிங் டைரக்டராக்க ஓட்டுப் போட மாட்டோம் என்று ஃபண்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

மூடுவது என்று லாரன்ஸ் முடிவெடுத்ததைத்தான் போன வாரம் சாப்பாட்டு மேசையில் பார்த்தோம்.

*

மறுநாள் காலை மெர்லின் குளக்கரையில் நின்றிருந்தாள். மஞ்சள் ஏறிய தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. லாரன்ஸின் கார் வரப்போரம் வந்து நின்றபோதும் அவள் திரும்பவில்லை.

"அறிவிப்பு போயிடுச்சா?"

"போயிடுச்சு. சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே பிரபு அனுப்பிட்டான்" என்றான் லாரன்ஸ். ஆரோக்கிய பிரபு கம்பெனி செக்ரட்டரி. பங்குச் சந்தைக்குப் போக வேண்டியதெல்லாம் அவன் கை வழியாகத்தான் போகும்.

"என்னன்னு போட்டீங்க?"

"ஆராய்ச்சிப் பிரிவை மூடறோம். குளத்தை உப்புப் பாத்தியா மாத்தறோம். அவ்ளோதான்."

"சரி. மூடியாச்சுன்னு ஊருக்குச் சொல்லியாச்சு. தண்ணியை மட்டும் அப்படியே விட்டு வையேண்ணா. அது உங்கிட்ட சோறா கேக்குது?"

லாரன்ஸ் ஷூவில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்தான். "மத்தியானம் ஃபண்டுலேர்ந்து ராஜவேல் வர்றாரு. குளம் காலியாகறதை அவர் கண்ணால பாக்கணும்."

"அவர் கேட்டாரா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? கேக்கறதுக்கு முன்னாடி செஞ்சாத்தான் மரியாதை." அவன் செல்போனை அவள் பக்கம் நீட்டினான். "பாரு. மூணு மாசமா இறங்கிட்டே இருந்தது, இன்னிக்கு ஏறுது. அறிவிப்பு போன உடனே ஏறுது."

அவள் பார்க்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன, நாற்காலி ஆசையிலயா பேசறேன்? என்னைத் தூக்கிட்டு அவங்க ஆளை உக்கார வெச்சா, மொதல்ல என்ன பண்ணுவான் தெரியுமா? ஈசிஆர் ஓரமா இருக்கற பட்டா நிலத்தை ரிசார்ட்டுக்குக் குடுப்பான். அப்புறம் உன் குளமும் இல்ல, இங்க உப்பு வார்றவங்களுக்கு வேலையும் இல்ல. ஒரு குளத்தைக் குடுத்து மொத்த அளத்தையும் காப்பாத்தறேன். இது உனக்குப் புரியல."

அதில் பொய் இல்லை. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிற சண்டையில்தான் குடும்பம் நாசமாகிறது.

மேஸ்திரி சேட்டு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். கசப்புத் தண்ணீரை நினைத்த நேரத்தில் திறந்துவிட இந்த ஊரில் முடியாது. அளத்தை ஒட்டிய கால்வாய்த் தண்ணீர் கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும்; அது கடல் பக்கம் இறங்கும்போது மட்டும்தான் விட வேண்டும். ஏறும் நேரத்தில் விட்டால் கால்வாயிலேயே தேங்கி மீன் மிதக்கும். எக்கியார்குப்பத்து மீனவர்கள் கம்பெனி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தோணிசாமி காலத்தில் போட்ட ஒப்பந்தம் இது. லாரன்ஸும் அதை மீறியதில்லை.

"சேட்டு, இன்னிக்குத் தண்ணி எப்ப இறங்குது?"

"சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கும் மொதலாளி. பொழுது சாயற வரைக்கும் இறங்கும்."

"நாளைக்கும் இறங்கும் இல்ல?" என்று மெர்லின் குறுக்கே புகுந்தாள். குரலை இறக்கிக்கொண்டாள். "அண்ணா, ஒரே ஒரு நாள் தள்ளு. கூனிமேட்டு பாய்கிட்ட டேங்கர் கேட்டிருக்கேன். நாளைக்குத்தான் லாரி வரும்னாரு. முடிஞ்ச மட்டும் தண்ணியை எடுத்து வெச்சுக்கறேன். மீதியை நீயே திறந்து விடு. நானே பக்கத்துல நிக்கறேன்."

லாரன்ஸ் தங்கையைப் பார்த்தான். வெயிலில் நின்று நின்று அவள் முகம் கறுத்திருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டதும் இந்தக் குளத்துக்காகத்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

"பாக்கலாம்" என்றான்.

இந்தக் குடும்பத்தில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பதினாறு வாரமாகப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெர்லினுக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

*

ராஜவேல் வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டான். மும்பைக்காரன் என்றதும் கோட்டு சூட்டில் ஒருவனை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பம். படித்து மும்பைக்குப் போய் ஃபண்டில் சேர்ந்தவன். எந்தக் கம்பெனி தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. வாங்குவதும் விற்பதும் அவன் மேலே இருப்பவர்கள் கையில்.

லாரன்ஸ் ஆபீசில் போன் பேசிக்கொண்டிருந்தபோது அவன் தனியாகக் குளக்கரைக்கு வந்தான். குனிந்து விரலை நனைத்து நாக்குக்குக் கொண்டு போனான்.

"வாயில வெக்காதீங்க" என்றாள் மெர்லின். "வயித்தைக் கலக்கிடும். ஊர் போய்ச் சேர மாட்டீங்க."

அவன் சிரித்துக்கொண்டே விரலைத் துடைத்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"மேடம், அன்னிக்கு ஏன் ரெண்டு கோடைன்னு சொன்னீங்க? 'வேலை நல்லா போயிட்டிருக்குது'ன்னு சொல்லியிருந்தா, நானே உங்களுக்காகப் பேசி ஒரு வருசம் ஓட்டியிருப்பேன்."

"ரெண்டு கோடை ஆகும். அதான் சொன்னேன்."

"எங்க வீட்டுலயும் மாந்தோப்பு இருக்குது. செடி வெச்சா எப்ப காய்க்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு மேல இருக்கறவரு மூணு மாசத்துக்கு மேல எதையும் பாக்க மாட்டாரு. அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. மூணு மாசம் எங்க நம்பர் சரியில்லன்னா, எங்ககிட்ட பணம் போட்டவங்க எடுத்துட்டுப் போயிடறாங்க."

"அப்ப இந்த மாதிரி வேலையெல்லாம் யார்தான் செய்யறது?"

ராஜவேல் குளத்தைப் பார்த்தபடி நின்றான். "தெரியலைங்க" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

"உங்களால ஒரு உபகாரம் பண்ண முடியுமா? எங்கண்ணன்கிட்ட ஒரு நாள் தள்ளச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அவன் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, பேசாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "சொல்லிப் பாக்கறேங்க" என்றான்.

*

லாரன்ஸின் மனைவி ஜான்சி காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். தவக்காலம் என்பதால் வீட்டில் கறி கிடையாது. நண்டு மிளகு போட்டு, இறால் தொக்கு செய்து, வாழையிலை போட்டு வைத்திருந்தாள். மாமனார் காலத்திலிருந்து இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு வாங்க வரும் வியாபாரி பேச்சு முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டால் அந்தக் கோடை முழுக்க அவர் வேறு அளத்தின் படி ஏற மாட்டார். எழுத்து, கையெழுத்து எதுவும் தேவைப்பட்டதில்லை.

அதே பந்தியில்தான் லாரன்ஸ் இப்போது ராஜவேலை உட்கார வைத்தான். பங்கு வாங்குகிறவனும் உப்பு வாங்குகிறவனும் ஒரே சாதி என்று அவன் நினைத்துவிட்டான். கேட்டதைக் கொடுத்து வயிறாரச் சாப்பாடு போட்டால் மனுசன் நம்மை விட்டுப் போக மாட்டான் என்பது அவன் ரத்தத்தில் ஊறிய வியாபாரம்.

"நல்லா சாப்பிடுங்க தம்பி. ஜான்சி, இன்னொரு நண்டு வை."

"போதுங்க அக்கா" என்று ராஜவேல் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தான். அவன் செல்போன் மேசையில் குப்புறக் கிடந்து அடிக்கடி அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. லாரன்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அவன் தன் செல்போனில் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜான்சி கவனித்தாள்.

"எங்களோட இருப்பீங்க இல்ல தம்பி? இவங்கப்பா கட்டின கம்பெனி. கூட நிக்கறவங்க நெலையா நின்னா போதும் எங்களுக்கு."

ராஜவேல் தலை நிமிரவில்லை. "நண்டு ரொம்ப நல்லா இருக்குதுக்கா" என்றான்.

ஜான்சிக்குச் சுருக்கென்றது. தண்ணீர் எடுக்கும் சாக்கில் கணவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நான் கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லல."

"சாப்பாட்டுல என்ன பேச்சுன்னு இருந்திருப்பாரு."

"எனக்கு என்னமோ சரியா படல. மெர்லின் கேட்ட மாதிரி ஒரு நாள் பொறுங்களேன். என்ன குடி முழுகிடும்?"

"கை நனைச்சுட்டாரு இல்ல ஜான்சி? அப்புறம் என்ன?" லாரன்ஸ் அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனான். அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனால்தான் அவளும் அதற்கு மேல் பேசாமல் விட்டாள். பிற்பாடு அதை நினைத்து நினைத்து அழப்போவது அவள்தான்.

வாசலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ராஜவேல் தயங்கினான்.

"சார், குளத்தை இன்னிக்கே திறக்கணும்னு ஒண்ணும் இல்ல."

"என்ன தம்பி?"

"இல்ல... நாளைக்குக்கூட பாத்துக்கலாம். அவசரம் இல்லைன்னு சொல்ல வந்தேன். மேடம் ஒரு நாள் கேட்டாங்க. குடுங்களேன்."

அவனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் வேலை போய்விடும், வழக்கும் வந்துவிடும். சொல்லாமல் போகவும் சாப்பிட்ட சோறு விடவில்லை. புரிந்துகொள்கிறவனாக இருந்தால் புரிந்துகொண்டிருப்பான்.

லாரன்ஸ் அதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டான். தங்கச்சிக்காகப் பின்வாங்குகிறவனா, சொன்னதைச் செய்கிறவனா என்று ஆழம் பார்க்கிறார்கள் என நினைத்தான்.

"நான் சொன்னா சொன்னதுதான் தம்பி. நீங்க சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள காலிக் குளத்தைப் படம் எடுத்து அனுப்பறேன்."

ராஜவேல் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். கார் ஈசிஆர் பக்கம் திரும்பியது. லாரன்ஸ் அதே வேகத்தில் தன் காரில் ஏறினான்.

வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜான்சி செல்போனை எடுத்து மெர்லினைக் கூப்பிட்டாள்.

"மெர்லின், அந்தத் தம்பியே இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போனாரு. உங்கண்ணன் கேக்காம கெளம்பிட்டாரு. விட்டுடாதே."

*

மெர்லின் குளத்துக்கு மடை வைக்கவில்லை. திறக்கவே போவதில்லை என்று கட்டிய குளத்துக்கு மடை எதற்கு? திறக்க வேண்டுமென்றால் கரையைத்தான் வெட்ட வேண்டும்.

"சேட்டு, ஆளுங்களைக் கூப்பிடு. கால்வாய் பக்கம் வெட்டுங்க."

சேட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "பாப்பா நாளைக்குன்னு சொன்னாங்களே மொதலாளி."

"மொதலாளி யாரு?"

 சேட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது அந்த மண்வெட்டி தரையில் கிடந்தது லாரன்ஸுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து எடுத்தான்.

மெர்லின் கரைமேல் ஏறி, அவன் வெட்ட வந்த இடத்தில் நின்றாள்.

"நகரு."

"அவரே வேணாம்னாராமே. அண்ணி சொன்னாங்க. அப்புறம் யாருக்காகண்ணா வெட்டற?"

"அவங்க வாயில ஒண்ணு சொல்லுவாங்க, மனசுல ஒண்ணு இருக்கும். உனக்கு இந்த உலகம் தெரியாது மெர்லின். அன்னிக்குப் போன்ல உண்மையைப் பேசி விலையைக் கவுத்தவ நீ. இன்னிக்கு நான் நிமிர்த்தறேன். நகரு."

"நகர மாட்டேன்."

 லாரன்ஸ் நாலு அடி தள்ளிப் போய் மண்வெட்டியை ஓங்கினான்.

கரை இறுகிக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பழகிய உடம்புக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. மண் சரிந்து கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. மண்வெட்டி முனையால் அதைக் கிழித்தான்.

தண்ணீர் பாய்ந்து வரவில்லை. கனத்த தண்ணீர். மஞ்சளாக, வழுவழுவென்று, யோசித்து யோசித்து இறங்குவதுபோல இறங்கியது. பிறகு கிழிசல் அகலமாகி வேகம் பிடித்தது. கால்வாயில் விழுந்த இடத்தில் நிறம் மாறியது.

மெர்லின் தடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். எதுவும் செய்யத் தோன்றவில்லை. மழையிலும் புயலிலும் தார்ப்பாய் பறக்காமல் ராத்திரியெல்லாம் கல் தூக்கி வைத்த தண்ணீர் அது.  கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லாரன்ஸ் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். அது அடித்தது. ஆரோக்கிய பிரபு.

"சார், எங்க இருக்கீங்க?"

"குளத்துல. என்னா?"

"ஃபண்டு வித்துட்டாங்க சார்."

"எவ்ளோ?"

"எல்லாத்தையும் சார். ஒரு பங்குகூட மிச்சம் வெக்கல. காலைல நம்ம அறிவிப்புல விலை ஏறிச்சு இல்ல? அந்த விலையில மொத்தமா தள்ளிட்டாங்க. நீங்க வீட்டுல சாப்ட்டுட்டு இருக்கும்போதே முடிஞ்சிருக்கும் போல. இப்பதான் சந்தையில விவரம் வந்துது."

லாரன்ஸ் காதிலிருந்து போனை எடுக்காமல் தண்ணீரைப் பார்த்தான். ஃபண்டுக்காரர்கள் விட்டுப் போகாமல் நிற்பதற்காக அவன் செய்ததெல்லாம், அவர்கள் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போக வசதியாகப் போய்விட்டது. ஆராய்ச்சியை மூடச் சொன்னவர்களுக்கு இனி இந்தக் கம்பெனியில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது. அவன் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பே கிடையாது.

"சார்? இன்னொரு விசயம்..."

லாரன்ஸ் போனைச் சட்டைப்பையில் திணித்துவிட்டுக் குளத்தில் குதித்தான். ஷூவோடு, பேன்ட்டோடு. இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வெட்டிய இடத்தில் போட்டான். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. மறுபடி அள்ளினான்.

"சேட்டு, மூட்டை கொண்டா. மணல் மூட்டை, உப்பு மூட்டை, எது இருந்தாலும் கொண்டா."

மெர்லினுக்கு எதுவும் புரியவில்லை. "என்னண்ணா ஆச்சு?"

"வித்துட்டாங்க மெர்லின். அப்பவே வித்துட்டுப் போயிட்டாங்க." அவன் இன்னொரு கை மண்ணை அள்ளிப் போட்டான். "அடைக்கணும். வா."

அவள் கேள்வி கேட்கவில்லை. கோபப்படவும் நேரமில்லை. இறங்கினாள். உப்பு வாரிய பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சேட்டு மூட்டைகளை இழுத்து வந்து உருட்டிவிட்டார். அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் நின்று அதை மிதித்து இறுக்கினார்கள். சின்ன வயதில் மழை நாளில் அப்பாவோடு வரப்பு அடைத்த பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சேற்றில் நின்றது இன்றைக்குத்தான். அதை இரண்டு பேரும் நினைத்தார்கள்.

ஒருவழியாக ஒழுக்கு நின்றபோது குளத்தில் பாதித் தண்ணீர் இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் சுவரில் ஈரக்கோடு மட்டும் மேலே தெரிந்தது.

சட்டைப்பையில் செல்போன் மறுபடி அடித்தது. லாரன்ஸ் ஈரக்கையோடு எடுத்தான். சேற்றுக் கையால் காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், லைன் கட்டாயிடுச்சு. சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். ஃபண்டு வித்ததை மொத்தமா வாங்கினது கோயமுத்தூர் பக்கம் ஒரு கம்பெனி. தீயணைப்பு சாமான் செய்யறவங்களாம். இப்பதான் போன் பண்ணாங்க. நாளைக்குக் காலைல ஆள் வர்றாங்க. வாங்கின அப்புறம்தான் நம்ம அறிவிப்பைப் பாத்துட்டு பதறிப் போயிருக்காங்க சார். அவங்க வாங்கினதே அந்தக் குளத்துக்காகத்தானாம். குளத்துல இன்னும் கை வைக்கலையேன்னு கேட்டாங்க. இன்னும் இல்லைங்கன்னு சொல்லிட்டேன். சரிதானே சார்?"

 கால்வாயில் தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"சார்?"

  லாரன்ஸ் போனைத் தங்கையிடம் நீட்டினான்.

மெர்லின் வாங்கினாள். "பிரபு, நான் மெர்லின் பேசறேன். அவங்களுக்குத் திரும்பப் போன் பண்ணுங்க. பாதி போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. மீதிக்கு வர்றதா இருந்தா வரட்டும்."

"மெர்லின்" என்று லாரன்ஸ் கெஞ்சினான். "நேர்ல வந்தப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்மா. இப்பவே சொன்னா அவங்களும் போயிடுவாங்க."

அவள் போனை அணைத்து அவன் கையில் வைத்தாள். அவன் முகத்தை இன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு கேட்டா நான் சொல்லிக்கறேன். கரையை வெட்டினது யாருன்னு கேப்பாங்க. அதுக்கு நீதான் நின்னு பதில் சொல்லணும்."